கொழும்பில் சமயம் கற்பிக்க வந்த முதல் நாள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் 26 வருடம் தத்துவமும் சமயமும் எடுத்துவிட்டு, ஓர் அரையாண்டுக்கு வருகைப் பேராசிரியராகக் கொழும்பு வந்திருக்கிறேன். வந்த நாளிலிருந்து வாட்ஸப்பில் கேள்விகள் நிற்கவில்லை. பாதி ஊரில் இருக்கிற பழைய சகாக்கள் கேட்பவை. மீதி, அடுத்த வருடம் இதே வேலைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் கேட்பவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி விரல் வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கே. மூன்று வாரத்து அனுபவம்தான், அதற்கு மேல் என்னிடம் இல்லை.

எந்தப் பல்கலைக்கழகம்? என்ன பாடம்?

பெயர் வேண்டாம், பிள்ளைகளைப் பற்றியும் எழுதப் போகிறேன். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வகுப்பு நடக்கிற கலைப்பீடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு பாடம். தமிழ்மொழி மூலம் 'சமயமும் சமூகமும்', ஆங்கில மூலம் 'ஒப்பீட்டுச் சமயம்'. முதலாவதில் 34 பேர், இரண்டாவதில் 19 பேர்.

'மதம்' என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் ஒரு நாளில் நிறுத்திவிடுவீர்கள். இங்கே பாடப்புத்தகத்திலும் பேச்சிலும் 'சமயம்'தான். நான் முதல் நாள் கரும்பலகையில் 'மதங்களின் ஒப்பீடு' என்று எழுதினேன். பின்வாங்கில் ஒரு பையன் பக்கத்திலிருந்தவனிடம் "ஆனைக்குப் பிடிக்கிறதா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. அழித்துவிட்டு 'சமயம்' என்று எழுதினேன்.

முதல் வகுப்பு எப்படிப் போனது?

நான் தயாரித்த குறிப்புக்கு வேலையே இல்லாமல் போனது.

நம் ஊர் வழக்கப்படி, பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்ற கணக்கில்தான் போனேன். அங்கே முதலாம் ஆண்டு மாணவனிடம் சம்பந்தர் யார் என்று கேட்டால் இரண்டு பேர் கை தூக்குவார்கள். அதனால் ஈழத்துப் பாடல்பெற்ற தலங்களிலிருந்து தொடங்கலாம், நெருக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். திருக்கோணேச்சரமும் திருக்கேதீச்சரமும் சம்பந்தர் பாடியவை, கேதீச்சரத்தைச் சுந்தரரும் பாடியிருக்கிறார் என்று சொல்லி, கோணேச்சரப் பதிகத்தின் முதல் வரியை எடுத்தேன். எடுத்ததுதான் தெரியும். இரண்டாவது வரியை வகுப்பில் பாதி பேர் ஒரே குரலில் பாடி முடித்துவிட்டார்கள். அதுவும் பண்ணோடு. நான் வாசித்தேன், அவர்கள் பாடினார்கள். வெட்கமாக இருந்தது.

வவுனியாவிலிருந்து வந்த ஒரு பெண் ஆறுதலாகச் சொன்னாள்: "மெடம், இதெல்லாம் நாங்க ஸ்கூல்லயே பாடமாக்கிட்டம்."

இலங்கைப் பள்ளிகளில் சமயம் கட்டாயப் பாடம். முதலாம் வகுப்பிலிருந்து 11ஆம் வகுப்புச் சாதாரணதரப் பரீட்சை வரைக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தைப் படித்துப் பரீட்சை எழுதியாக வேண்டும். சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம், பௌத்தருக்குப் பௌத்தம். கத்தோலிக்கத்துக்கும் மற்றக் கிறிஸ்தவத்துக்கும்கூடத் தனித்தனிப் புத்தகம். புத்தகங்களை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. இது போதாதென்று ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலை வேறு. உயர்தரத்தில், அதாவது நம் பிளஸ் டூ கட்டத்தில், விரும்பினால் இந்து நாகரிகம் எடுக்கலாம். நம் ஊரில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், சமணம் என்று தனித்தனித் துறைகள் உண்டு. ஆனால் அந்த வாசலுக்கு வருகிற பிள்ளை பெரும்பாலும் பள்ளியில் இதைத் தனிப் பாடமாகப் படித்திருக்காது. இங்கே பதினொரு வருடம் படித்துவிட்டு வருகிறது.

அது பாதி வகுப்பின் கதை. பாடியது பாதிப் பேர் என்று சொன்னேன் அல்லவா? மற்றப் பாதி என்ன செய்தது என்று நான் கவனித்தது பாட்டு முடிந்த பிறகுதான். இடதுபக்கம் முஸ்லிம் பிள்ளைகள், ஜன்னலோரம் நாலைந்து கத்தோலிக்கப் பிள்ளைகள். அவர்கள் சும்மா இருந்தார்கள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. வேறு வகுப்புக்காரர்கள் பாடுவதைக் கேட்கிற மாதிரி ஒரு பொறுமை. மன்னாரிலிருந்து வந்த பையனிடம் கேதீச்சரம் உங்கள் வீட்டுக்குப் பக்கமா என்று கேட்டேன். "சைக்கிள்ல போற தூரம் மெடம். உள்ளுக்குப் போனதில்லை."

பள்ளியில் சமய பாட மணி அடித்தால் வகுப்பு பிரிந்து ஆளுக்கொரு அறைக்குப் போகுமாம். பதினொரு வருடம் அப்படி. கணக்குக்கும் வரலாற்றுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், அந்த ஒரு மணிக்கு மட்டும் எங்கே போனான், என்ன படித்தான் என்பது தெரியாது. அன்று மாலையே என் பாடத்திட்டத்தைத் திருப்பி எழுதினேன்.

எல்லாம் தெரிந்த பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள்?

இதை என் தம்பி கொஞ்சம் நக்கலாகவே கேட்டான். அவனவன் சமயத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை என்பது முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. பக்கத்து வாங்கில் இருப்பவரின் சமயத்தைப் பார்க்கப் பழக்கலாம், அதுதான் எனக்கு இங்கே இருக்கிற வேலை.

முதல் ஒப்படை இதுதான்: வேறு சமயத்தவர் அல்லது வேறு ஊர்க்காரர் ஒருவரிடம் அவர் வீட்டில் நடக்கிற ஒரு விசேஷத்தைப் பற்றிக் கேட்டு ஒரு பக்கம் எழுத வேண்டும். புத்தகம் பார்க்கக் கூடாது. கூகுள் கூடாது. 'ஏன்' என்று கேட்கவும் கூடாது. என்ன, எப்போது, யார், எந்தப் பாத்திரத்தில் என்றுதான் கேட்கலாம். 'ஏன்' என்று கேட்டவுடன் எல்லோரும் பாடப்புத்தகப் பதிலுக்குத் தாவிவிடுகிறார்கள்.

வந்த தாள்களில் இரண்டைப் பற்றிச் சொல்கிறேன். காத்தான்குடி முஸ்லிம் மாணவி ஒருத்தி, மட்டக்களப்பு மாணவியிடம் கேட்டு வைகாசியில் நடக்கிற கண்ணகி அம்மன் சடங்கை எழுதியிருந்தாள். இரண்டு ஊருக்கும் நடுவில் சில கிலோமீட்டர்தான். 'பறைச் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும், இது அதுதான் என்று இப்போதுதான் தெரியும்' என்று கடைசியில் ஒரு வரி.

இன்னொன்று, யாழ்ப்பாணத்துப் பையன் மலையகத்து ஹட்டன் பையனிடம் கேட்டு எழுதிய காமன் கூத்து. மாசியில், மன்மதனைச் சிவன் எரித்த கதையைத் தேயிலைத் தோட்டத்து மக்கள் நாள்கணக்கில் நடத்துவது. எழுதி முடித்தும் அவனுக்குச் சந்தேகம் தீரவில்லை. வகுப்பில் எழுந்து, "இதுவும் சைவமா மெடம்?" என்றான். நான் வாயைத் திறக்கும் முன் ஹட்டன் பையன் திரும்பினான்: "ஒங்க கோயில்ல ஐயரு செய்றாரு. எங்க தோட்டத்துல நாங்களே செய்றோம். அவ்ளோதான்."

அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் நான் பேச வேண்டியிருக்கவில்லை.

இந்தியாவிலிருந்து வந்து எங்களுக்குச் சைவம் சொல்லித்தருவதா என்று கேட்க மாட்டார்களா?

யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் பாடசாலை வைத்ததையும், காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியரானதையும், பிறகு 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியரானதையும், வந்த முதல் வாரத்திலேயே மூன்று பேர் மூன்று இடத்தில் எனக்கு நினைவூட்டினார்கள். சரி, புரிந்துகொண்டேன்.

வகுப்பில் பிக்குகளும் இருப்பார்களாமே?

ஆங்கில வகுப்பில் ஒருவர் இருக்கிறார். முன்வரிசை, வலது ஓரம். நான் உள்ளே போனதும் எல்லோரும் எழுந்தார்கள், அவர் எழவில்லை. கும்பிட்டேன், பதிலுக்குக் கும்பிடவில்லை, சிரித்தார். 26 வருட வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? இந்தப் பிள்ளைக்கு மரியாதை தெரியவில்லை என்று மனசுக்குள் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டேன்.

மதியம் சக விரிவுரையாளர் ஒருவர் விளக்கினார். காவி உடுத்தவர் இல்லறத்தாரைக் கண்டு எழுவதில்லை, கைகூப்புவதும் இல்லை, ஆசிரியரானாலும், அமைச்சரானாலும். மரியாதை செய்ய வேண்டியது நாம். ஆனால் பரீட்சையும் புள்ளியும் அவருக்கும் மற்றவர்களைப் போலத்தான். தமிழில் 'தேரர்' என்று சொல்லலாம், சிங்களத்தில் 'ஹாமுதுருவனே' என்று அழைக்கிறார்கள். பெண்கள் கை படக் கூடாது, அதனால் தாளை அவர் மேசையில் வைத்துவிடுகிறேன்.

என் மனக்குறிப்பை அழிக்க வேண்டி வந்ததோடு போகவில்லை. இதுவரை அந்த வகுப்பில் வந்த கேள்விகளில் மிகக் கடினமானது அவருடையது. பௌத்தர்கள் கும்பிடும் தெய்வங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். விஷ்ணு இந்தத் தீவின் காவல் தெய்வம், கதிர்காமக் கடவுள் நமக்கு முருகன், பத்தினி நமக்குக் கண்ணகி. அவருடைய ஊர் விகாரைக்குப் பக்கத்தில் பத்தினி தேவாலயம் உண்டாம். (இங்கே தேவாலயம் என்றால் பெரும்பாலும் தெய்வத்தின் கோயில், நம் ஊர் மாதிரி சர்ச் என்று எடுத்துக்கொண்டால் ஒரு வாக்கியமும் விளங்காது.) அவர் கேட்டது இது: உங்கள் ஊரில் மதுரையை எரித்தவள், எங்கள் ஊரில் அம்மை நோயைத் தணிப்பவள், ஆளும் பெயரும் ஒன்று என்றால் தெய்வமும் ஒன்றா?

சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்குச் சேரன் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னன் அங்கே இருந்ததாக வருகிறது, வழிபாடு இங்கே வந்த கதையை அதோடு சேர்த்துச் சொல்வார்கள் என்றேன். "அது எப்படி வந்தாள் என்பது. நான் கேட்டது வேறு" என்றார். உண்மை. இன்னும் அவருக்குப் பதில் பாக்கி.

நீங்கள் சறுக்கிய இடம்?

மேலே சொன்னவை போதாதா! சரி, பெரியது ஒன்று இருக்கிறது.

இரண்டாவது வகுப்பில், அன்பாகப் பேசுகிறேன் என்று நினைத்து, "நாம் எல்லோரும் தமிழர்கள், சமயம்தான் வேறு வேறு" என்று ஆரம்பித்தேன். நம் ஊரில் மேலப்பாளையத்து முஸ்லிம் ஒருவரிடம் இதைச் சொன்னால் அவர் மகிழ்ந்துதான் போவார். இங்கே இடதுபக்கம் முழுக்க அமைதி. அக்கரைப்பற்றுப் பெண் ஒருத்தி மிக மரியாதையாக எழுந்து, "மெடம், நாங்க தமிழ்தான் கதைக்கிறம். ஆனா நாங்க முஸ்லிம், தமிழர் இல்லை" என்றாள்.

இலங்கையில் 'முஸ்லிம்' என்பது சமயப் பெயர் மட்டும் இல்லை, இனப் பெயரும்கூட. குடிசன மதிப்பீட்டு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) படிவத்திலும் தமிழர் தனி, சோனகர் எனப்படும் முஸ்லிம்கள் தனி. அதன் பின்னால் அரசியலும் உண்டு, காயங்களும் உண்டு. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பம் ஒன்றின் பிள்ளை என் வகுப்பிலேயே இருக்கிறாள். எல்லோரையும் சேர்த்துச் சொல்ல 'தமிழ் பேசும் மக்கள்' என்று ஒரு தொடர் இங்கே புழக்கத்தில் இருக்கிறது. சும்மா மேடைப் பேச்சு என்று நினைத்திருந்தேன். அது அளந்து எடுத்த சொல்.

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மெடம், இந்தியாவிலிருந்து வாற எல்லாரும் சொல்றதுதான்" என்றாள். அது இன்னும் கொஞ்சம் உறுத்தியது.

ஈழத்துத் தமிழ் புரிகிறதா?

புரிகிறது. விளங்குவதுதான் கஷ்டம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம், ஏனென்றால் இங்கே 'புரிகிறதா' இல்லை, 'விளங்குதா'. மதிப்பெண் என்பது புள்ளி. தத்துவம் என்பது மெய்யியல். மனப்பாடம் செய்வது பாடமாக்குவது. "ஆறுதலா வாங்கோ மெடம்" என்றால் உங்களுக்குத் தேறுதல் சொல்லவில்லை. அவசரமில்லாமல் வாருங்கள் என்கிறார்கள்.

முதல் நாள் "புரிந்ததா?" என்று கேட்டதற்கு முப்பது பேர் சேர்ந்து "ஓம்" என்றார்கள். ஒரு நொடி எனக்குப் புல்லரித்துவிட்டது. 'ஆமாம்' என்பதற்கு இங்கே அதுதான் சொல்.

பௌத்தத்துக்கு முதலிடம் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறதே, வகுப்பில் பேசப் பயப்பட வேண்டுமா?

1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மையான இடம் கொடுக்கிறது. 10ஆம் உறுப்புரையும் 14ஆம் உறுப்புரையும் எல்லோருக்கும் சமயச் சுதந்திரம் தருகின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதே ஒரு நல்ல வகுப்பு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மக்களில் சுமார் 70 சதவீதம் பௌத்தர், 12.6 சதவீதம் இந்துக்கள், 9.7 சதவீதம் முஸ்லிம்கள், ஏழரை சதவீதம் கிறிஸ்தவர்கள்.

வகுப்பறைக்குள் நான் எதையும் தயங்கிப் பேசவில்லை. வெளியே எழுதுவதில் கவனம் வேண்டும். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தில் சமயப் பகையைத் தூண்டுவது குற்றம். அதன்கீழ் 2019இல் ஒரு சிறுகதைக்காக எழுத்தாளர் ஒருவரையும், 2023இல் மேடையில் சொன்ன நகைச்சுவைக்காக ஒரு பெண்ணையும் கைது செய்திருக்கிறார்கள். முகநூலில் சமயக் கிண்டல் போடுகிற பழக்கம் இருந்தால் அதை மீனம்பாக்கத்திலேயே இறக்கிவைத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

விசா, தங்குமிடம், சாப்பாடு?

விசா வேலையைப் பல்கலைக்கழகமே தொடங்கிவைக்கும், பத்தரமுல்லையில் உள்ள குடிவரவுத் திணைக்களத்துக்கு நீங்கள் போய்வர வேண்டியிருக்கும். சான்றிதழ் நகல்களைத் தேவைக்கு இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்குவதற்கு வெள்ளவத்தை. கடைக்காரர், மருந்துக்கடை, தையல்காரர் எல்லோரிடமும் தமிழிலேயே காலம் தள்ளலாம். காலி வீதியில் 100, 101 பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். கடலோரம் ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும், மூன்றாவது நாள் பழகிவிடும். சாப்பாடு பிரச்சினையே இல்லை. காலையில் இடியப்பம், சொதி, சம்பல். மரக்கறிச் சாப்பாடு என்று கேட்டால் சைவச் சாப்பாடு வரும், ஆனால் மாசிக்கருவாடு போட்ட சம்பலா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

விடுமுறை அதிகமாமே?

ஒவ்வொரு பௌர்ணமியும் போயா, பொது விடுமுறை. அன்று மதுக்கடையும் இறைச்சிக்கடையும் திறக்காது. வெசாக்குக்கு இரண்டு நாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் வகுப்பு வைக்காதீர்கள். அரையாண்டில் இத்தனை மணி நேரம் என்று போட்ட கணக்கு எதுவும் நிற்காது.

2019க்குப் பிறகு பாதுகாப்பு எப்படி?

அன்றாடத்தில் பயம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, கிறிஸ்தவத் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது வகுப்பில் எங்கோ இருக்கிறது. நான் அதைப் பாடமாக எடுக்கவில்லை. பிள்ளைகளே எடுக்கும்போது எடுக்கட்டும்.

பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம்?

கொழும்பே ஒரு பாடப்புத்தகம் என்று எழுத ஆசைதான், ஆனால் வெயிலில் 34 பேரோடு நடந்து பார்த்தால் அப்படி எழுத வராது.

கொச்சிக்கடைக்குக் கட்டாயம் போங்கள். பொன்னம்பல முதலியார் 1856இல் தொடங்கி, பிறகு அவர் மகன் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எடுத்துக் கட்டிய பொன்னம்பலவாணேச்சரம் அங்கே இருக்கிறது. பக்கத்தில் நடக்கிற தூரத்தில் புனித அந்தோனியார் ஆலயம். செவ்வாய்க்கிழமை போனால் அங்கே மெழுகுவர்த்தியோடு நிற்கிற வரிசையில் பொட்டு வைத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணச் சொல்லலாம். அந்தக் கணக்கு எந்தச் சமயப் புத்தகத்திலும் கிடைக்காது. களனி விகாரையும் பக்கம்தான். அங்கே விபீஷணனுக்குக் கோயில் இருக்கிறது. கம்பனைப் படித்துவிட்டு வருகிற நமக்கு விபீஷணன் அண்ணனை விட்டுவந்தவன், அங்கே அவன் நாட்டைக் காக்கும் தெய்வம். பூத்தட்டோடு வரிசையில் நின்றபோது எனக்கு ஏனோ கும்பகர்ணன் ஞாபகம்.

ஆனால் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிற காலி மும்மொழிக் கல்வெட்டுக்குப் போங்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணத்தில் கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் தேதி. 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்தபோது கண்டெடுத்தார்கள். ஒரே கல்லில் மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தெனாவரை நாயனாருக்கு, அதாவது தெற்கே தேவிநுவரையில் இருந்த விஷ்ணுவுக்கு. பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு. காணிக்கைகள் ஏறக்குறைய ஒரே அளவு: 1000 பொன், 5000 வெள்ளி, பட்டு, எண்ணெய். யாருக்கும் கூடக் குறைய இல்லை.

எங்கள் வகுப்பு போன சனிக்கிழமை அதன் முன்னால் நின்றது. மட்டக்களப்புப் பெண் தமிழ்ப் பகுதியில் ஓரிரண்டு எழுத்தைக் கண்டுபிடித்துக் கத்தினாள். அக்கரைப்பற்றுப் பெண் பாரசீகப் பகுதிக்குக் குனிந்தாள். அதுதான் மூன்றிலும் அதிகம் தேய்ந்தது. நாங்கள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்ததில் நேரம் போனது தெரியவில்லை. காவலாளி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, மூன்றாவது முறை சிங்களத்தில் ஏதோ சொன்னார். மன்னார்ப் பையன் மொழிபெயர்த்தான்: "கிட்டப் போய்ப் பாருங்கோவாம், ஆனா தொட வேண்டாமாம்."